பலகை இடுக்கும் பழியும்
தோட்டத்து லயங்களில் மூட்டைப்பூச்சி எங்கே ஒளிந்திருந்தது? கட்டில் மூட்டில், சாமிப் படத்தின் பின்னால், முக்கியமா பலகைச் சுவரின் இடுக்கில். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் மண்ணெண்ணெய் தெளித்தால் அந்தப் பக்கம் போய்விடும். நாலு நாளில் திரும்ப வரும். 'சுத்தமில்லாத சனங்க' என்ற பேச்சு மட்டும் நிலைத்தது.

போருக்குப் பிறகு டிடிடி பரவியது. அதன் பூச்சிக்கொல்லி ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு. ஆனால் 1947லேயே அந்த மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. எங்கே? ஹவாயில், பேர்ல் ஹார்பர் கடற்படை வீரர்களின் குடியிருப்பில். அவர்களை யாராவது அழுக்கு என்பார்களா?

பூச்சிக்கு வேண்டியது ரத்தமும் ஓர் இடுக்கும்தான். லயத்தில் அந்த இடுக்கை விட்டுக் கட்டியது தோட்ட நிர்வாகம். பழியைச் சுமந்தது அங்கே படுத்துறங்கிய நம்ம பாட்டிகள்.