வீட்டு உள்ளமைப்பு (வாலாஜாபாத் வட்டாரம்)
காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய வாலாஜாபாத் பகுதியில், ஒரு வீட்டுக்குத் தனிக் களையைத் தருவது கடையில் வாங்கும் அலங்காரத்தைவிட வீட்டாரின் தொழில்தான். அய்யம்பேட்டை போன்ற நெசவு ஊர்களின் பழைய வீடுகள் இதற்குச் சான்று. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கால் விட்டு மிதியை மிதிக்கிறார். கூடத்தில் தறி இருக்கும் இடமும் இழை தெரியும் வெளிச்சமும் முடிவான பிறகே சாமி மாடத்துக்கும் பரணுக்கும் இடம் பார்ப்பார்கள். இது பிழைப்பு, இதில் ரசனை எங்கே என்று கேட்கலாம். எதை முன்னே வைப்பது, எதை ஒதுக்குவது என்ற முடிவைத் தவிர ரசனைக்கு வேறு வேலை என்ன?

வாடகைக்காரரின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்ட ஒரகடம் இங்கிருந்து வெகுதூரமில்லை. ஷிப்டு வேலைக்காரர்கள் பலர் ஒண்டுக்குடித்தன அறைகளில் தங்குகிறார்கள். ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடாத சுவரில் என்ன அழகு பார்ப்பது? சுவரை விட்டுவிடலாம். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவருக்கு முதல் தேவை இருட்டு. விளம்பரப் படங்களின் மெல்லிய வெள்ளைத் திரை அவருக்கு உதவாது. அடர்நிறக் கெட்டிப் பருத்தித் திரை, சுருட்டி வைக்கும் கோரைப்பாய், மடக்குக் கட்டில் என எல்லாமே வீடு மாறும்போது கூடவே வரும். சொந்த வீடே ஆனாலும், தாழ்ந்த தளத்தில் ஃபால்ஸ் சீலிங் போடுவதோ மின்விசிறிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியைக் காசு கொடுத்துக் குறைப்பது.