பாகம் கேட்டவள்: திருச்செங்கோட்டுத் தொன்மமும் பிள்ளையற்ற இல்லறத்தின் அதிகாரமும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சமவெளியினின்று தனித்து எழுவது திருச்செங்கோட்டு மலை. ஞானசம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் இதுவே. மலைமேல் அர்த்தநாரீசுவரர் மேற்கு நோக்கி நின்ற கோலத்தில் உள்ளார். வலப்பாகம் ஆண், இடப்பாகம் பெண். கணவன் மனைவி ஒற்றுமைக்கு இவ்வுருவத்தைச் சான்று காட்டுவது பெருவழக்கு. ஆனால் இவ்வுருவம் தோன்றிய கதை ஒற்றுமையில் தொடங்கவில்லை, பூசலில் தொடங்குகிறது.

பிருங்கி முனிவர் சிவனை மட்டுமே வலம்வந்தார். அருகிருந்த உமையைப் பொருட்படுத்தவில்லை. வண்டு வடிவெடுத்து, இருவருக்கும் இடையே புகுந்து, சிவனை மட்டும் சுற்றினார் என்பது கதை. சினந்த உமை, தாய்வழி வந்த தசையையும் குருதியையும் அவர் உடலிலிருந்து நீக்கினாள். நிற்க இயலாதவருக்குச் சிவன் மூன்றாம் காலைக் கொடுத்தான். இவ்விடம் கூர்ந்து நோக்கத்தக்கது. மனைவி தண்டித்தவனுக்குக் கணவன் ஊன்றுகோல் தருகிறான். அதன் பின்னரே அவள் தவமிருந்து அவன் உடலில் பாதியைப் பெறுகிறாள். சொல்முறைகள் சிற்சில இடங்களில் வேறுபடினும், பாகம் தானே வந்ததாக எதுவும் கூறவில்லை. பொதுவாக அன்பின் வடிவமாக விளக்கப்படும் இத்திருமேனியை ஒரு வழக்கின் தீர்ப்பு என்று கொள்வதே பொருந்தும்.

அத்தவமே கேதாரகௌரி விரதமாக நிலைபெற்றது. ஐப்பசி அமாவாசையில் நிறைவுறும் இந்நோன்பைப் பெண்கள் இன்று பெரும்பாலும் கணவன் நலத்தையும் தாலிப்பேற்றையும் வேண்டி நோற்கின்றனர். உரிமை கேட்டவளின் தவம் கணவனுக்காகச் செய்யும் நோன்பாக மாறியது எவ்வாறு என்பது தனியாக ஆராயத்தக்க பொருள்.

மலையேறும் வழியில் அறுபதாம் படி சத்தியப்படி எனப்படும். வழக்காடியோர் அங்குச் சத்தியம் செய்து பிணக்கைத் தீர்த்துக்கொள்வது பழைய வழக்கம். உச்சியிலோ வறடிக்கல் என்றும் மலடிக்கல் என்றும் பெயர் பெற்ற பாறை உள்ளது. பிள்ளையில்லாப் பெண்கள் விளிம்பில் கால் வைத்து, உயிரைப் பணயம் வைத்து, அதனைச் சுற்றிவருவர். கல்லின் பெயரே யார் சுற்றவேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது; ஆண் சுற்றுவதற்கென்று அங்கு ஒரு கல் இல்லை. பாதி உடலைப் பெண்ணுக்குக் கொடுத்த மலையிலேயே குறை முழுவதும் பெண்ணுடையதாயிற்று.

சட்டமும் நெடுங்காலம் இவ்வாறே நின்றது. மலடியான மனைவி இருக்க எட்டாம் ஆண்டில் வேறொருத்தியை மணக்கலாம் என்பது மனுநூலின் விதி. கொங்கு உழவர் மனுநூலைப் படித்து நடந்தனர் என்பதற்கில்லை. ஆங்கிலேயர் நீதிமன்றம்தான் அதைப் படித்தது. கணவன் மறுமணம் செய்துகொண்டால் தனித்து வாழ்ந்து வாழ்க்கைப்பொருள் கோரும் உரிமையை 1946ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு அளித்தது. சென்னை மாகாணத்தில் இந்து ஆடவரின் இருதார மணம் 1949இல் தடை செய்யப்பட்டது. நாடு முழுமைக்கும் அத்தடை 1955இல் வந்தது. மகனைத் தத்தெடுக்கக் கணவனுக்கு மனைவியின் இசைவு வேண்டும் என்பது 1956இல்தான் சட்டமாயிற்று. அதற்கு முன்னர் மணந்தவளுக்கு, மற்றொருத்தி வருவாள் என்ற அச்சம் அன்றாட வாழ்வின் பகுதி. கணவன் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் வருவதற்கு முந்தைய அக்காலத்தில்தான் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நிகழ்கிறது. காளி, பொன்னா இணையருக்கு மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள், பிள்ளை இல்லை. மாமனார் வீட்டு வாசலில் காளி நட்ட பூவரசு கிளை பரப்பி நிற்கிறது. முன்னோர் செய்த பாவத்தின் சாபம் என இருவரும் நம்புகின்றனர். பொன்னா வறடிக்கல்லையும் சுற்றுகிறாள். சாபம் என்ற நம்பிக்கை இருவருக்குமே பயன்பட்டது. குறை யாருடைய உடலில் என்ற கேள்வியை அது தள்ளிவைத்தது. மறுமணப் பேச்சு எழும்போதெல்லாம் பொன்னா கலங்குகிறாள், காளி மறுக்கிறான். மறுப்பது அன்பினால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டாம் மனைவியும் கருவுறாவிடில் ஊர் விரல் யாரை நோக்கி நீளும் என்பதும் அவன் அறியாததன்று.

தேர்த்திருவிழா இரவொன்றில் பிள்ளைப்பேற்றுக்காக முன்பின் அறியாத ஆடவனைச் சேரும் வழக்கத்தை நாவல் சித்திரிக்கிறது. இதனை எதிர்த்து 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் எழுந்த போராட்டமும், 2015 சனவரியில் ஆசிரியர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்ததும், நூலுக்குத் தடையில்லை என 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் பலரும் அறிந்தவை. அவ்வழக்கம் இருந்ததா, இல்லையா என்ற வாதத்தில் நாவலின் நடுப்பொருளான இல்லறம் கவனம் பெறாமற் போயிற்று. கணவனின் இசைவு கிடைத்துவிட்டது என்று நம்ப வைத்துப் பொன்னாவை அனுப்புபவர்கள் அவளுடைய பிறந்த வீட்டார். அவளுடைய உடல் பற்றிய முடிவில் அவளுக்கு வேண்டியிருந்தது அவனது இசைவு, அவ்விசைவும் பொய்.

2014இல் வெளிவந்த தொடர்ச்சிகள் இரண்டும் அவ்விரவுக்குப் பின் கதையை இருவழியாகப் பிரிக்கின்றன. ‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடிருந்து பொன்னாவிடம் பேச மறுக்கிறான். அடியோ வசையோ இல்லாத அந்த மௌனம் மற்ற எதனினும் கொடிய தண்டனையாகிறது. தான் செய்யாத குற்றத்திற்குப் பணிய அவளும் மறுக்கிறாள். காளி தொண்டுப்பட்டியிலும் பொன்னா வீட்டிலுமாக முன்பும் பிரிந்து உறங்கியவர்கள்தாம். அப்போது இரவில் எழுந்து நடந்துவர வழி இருந்தது. ‘ஆலவாய’னில் காளி தூக்கிட்டு மாய்கிறான், பிறகு பொன்னா கருவுற்றிருப்பது தெரியவருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் கேளாதிருந்த கேள்விக்கு விடை அவள் வயிற்றில் வளர்கிறது. உடனிருந்து அறிய அவன் இல்லை.