வாழ்நாள் கடிகாரமும் பரணில் ஒளிந்த கருவிகளும்

விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி, ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பலர். அத்தகைய கடிகாரத்தை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தங்க உறையையா? நிறுவனத்தின் பெயரையா? முகப்பில் '17 கற்கள்' என்று பொறித்திருப்பதையா? இவ்வினாவுக்கு விடை காண, சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில் 1975-ஆம் ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொள்வது உதவும். அதற்கு முன், கடிகாரத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

சாவி கொடுக்கும்போது ஒரு தட்டை வில் இறுகச் சுருண்டுகொள்கிறது. அது மெல்ல மெல்ல விரியும்போது பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவை கட்டுப்பாடின்றி ஓடிவிட்டால் நேரம் காட்ட முடியாது அல்லவா? எனவே கவை போன்ற ஒரு சிறு நெம்புகோல் கடைசிச் சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுகிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அதுதான். இந்த நெம்புகோலை இயக்குவது, இருபுறமும் மாறி மாறி ஊசலாடும் 'பாலன்ஸ்' சக்கரம். மயிரிழை போன்ற ஒரு சுருள் வில் அதைத் திரும்பத் திரும்ப நடுநிலைக்கு இழுக்கிறது. அந்தச் சுருளை 1675-இல் உலகுக்கு அறிவித்தவர் டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ். நெம்புகோல் முறையை ஏறத்தாழ 1755-இல் உருவாக்கியவர் ஆங்கிலேயரான தாமஸ் மட்ஜ். இன்றைய இயந்திரக் கடிகாரங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் நம்பியே ஓடுகின்றன.

நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் கடிகாரம் ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கிறது. இத்தனை உராய்வைத் தாங்கத்தான் அச்சுகளின் முனைகளில் மாணிக்கக் கற்கள் பொருத்தப்படுகின்றன. ஆனால் அவை நகைக்கடை மாணிக்கங்கள் அல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902-இல் வெளியிட்ட முறையின் வழியில் செயற்கையாக ஆக்கப்படுபவை; விலையும் மிகக் குறைவு. ஆகவே கற்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

வெப்பம் மற்றொரு பகை. சாதாரண எஃகுச் சுருள் சூடேறினால் தளர்ந்துவிடும்; கடிகாரம் பின்தங்கும். வெப்பத்துக்கு அசைந்து கொடுக்காத நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டறிந்தவர் சுவிஸ் இயற்பியலாளர் குய்யோம். இப்பணிக்காக 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஓர் ஆண்டில் இரண்டு பிறப்புகள்

1969 கடிகார வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு. ஜனவரி 10 அன்று சுவிட்சர்லாந்தின் செனித் நிறுவனம் 'எல் பிரிமெரோ' என்ற இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. கையின் அசைவால் தானாகவே சாவி ஏறிக்கொள்வது, 'ஸ்டாப் வாட்ச்' போல நேரம் அளப்பது ஆகிய இரு வசதிகளும் அதில் இணைந்திருந்தன. மணிக்கு 36,000 துடிப்புகள். எனவே ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கையும் அதனால் அளக்க முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஜப்பானில் சைக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தால் அதிரும் குவார்ட்ஸ் படிகமே அதன் இதயம். மாதத்துக்கு ஐந்து நொடி அளவே அது பிழைத்தது. இயந்திரக் கடிகாரமோ ஒரே நாளில் அவ்வளவு பிழைக்கக்கூடும்! விலை 4,50,000 யென். ஒரு சிறு கார் வாங்கப் போதுமான தொகை. ஆனால் சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் கடிகாரங்களின் விலை மளமளவென்று சரிந்தது. 1970-இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவில் 30,000 பேருக்குச் சற்று அதிகமானவர்களே எஞ்சினர்.

பரணில் ஒளிந்தவை

அப்போது செனித் நிறுவனம், அதே பெயர் கொண்ட ஓர் அமெரிக்க வானொலி நிறுவனத்தின் கையில் இருந்தது. இனிக் குவார்ட்ஸ் மட்டுமே போதும். இயந்திரக் கடிகாரம் செய்யும் கருவிகளை விற்றுவிடுங்கள் என்று 1975-இல் சிகாகோவிலிருந்து ஆணை வந்தது. விற்பது என்றால் பழைய இரும்பு விலைக்குத்தான்.

லெ லோக்ல் என்னும் மலையூரில் இருந்த தொழிற்சாலையில் சார்ல் வெர்மோ என்பவர் ஒரு பட்டறையின் தலைவராக இருந்தார். அக்கருவிகளைக் காக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், பயனில்லை. எனவே அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையின் பரணுக்குக் கொண்டுபோய் மறைத்தார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். எந்தக் கருவி எந்த வேலைக்கு, எந்த வரிசையில் என்பதையெல்லாம் குறித்து வைத்தார். வேலையே போய்விடக்கூடிய துணிச்சல் அது.

1984-இல், கைமாறியிருந்த செனித் நிறுவனம் எல் பிரிமெரோவை மீண்டும் செய்ய விரும்பியது. வெர்மோ பரணைத் திறந்து காட்டினார். இறந்ததாகக் கருதப்பட்ட இயந்திரம் உயிர்த்தெழுந்தது. 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸ் நிறுவனமே தன் 'டேடோனா' கடிகாரத்துக்கு அதைச் சில மாற்றங்களுடன் வாங்கிப் பயன்படுத்தியது. அதன் வழிவந்த இயந்திரங்கள் இன்றும் லெ லோக்லில் உருவாகின்றன.

எதைப் பார்த்து வாங்குவது?

வாழ்நாள் கடிகாரம் என்பது பழுதே ஆகாத கடிகாரம் அன்று. அப்படி ஒன்று உலகில் இல்லை. எண்ணெய் உலரும்; அச்சு தேயும்; வில் முறியும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் இட்டாக வேண்டும். அப்படிப் பிரித்துப் பூட்டத் தக்கதாக இருப்பதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். இயந்திரக் கடிகாரத்தின் ஒரு பல்சக்கரம் போனால், திறமையான கடிகாரத் தொழிலாளி புதிதாக ஒன்றைக் கடைந்து பொருத்திவிடலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் மின்சுற்று கெட்டு, அதைச் செய்தவர்களும் நிறுத்திவிட்டால், பட்டறையில் அதைச் செய்துகொள்ள முடியாது. துல்லியத்தில் குவார்ட்ஸ் வென்றது. ஆயுளில் இயந்திரம் வென்றது.

ஆகவே, பெரும் பொருள் செலவிட எண்ணுவோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதன் உள் இயந்திரம் பல ஆண்டுகளாகப் பெருமளவில் செய்யப்படும் வகையா? உதிரிப் பாகங்களைக் கடைக்காரர்களுக்குத் தருகிறார்களா? நம் ஊரில் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா? தங்கமும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

இயந்திரக் கடிகாரம் செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ 2020-இல் மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தத் திறன் வாழும்வரைதான் கடிகாரமும் வாழும். கருவிகளோடு, அவற்றைக் கையாளும் முறையையும் எழுதி வைத்த வெர்மோ இதை நன்றாக அறிந்திருந்தார். நம் தெருமுனையில் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி செருகிக் குனிந்திருக்கும் கடிகாரத் தொழிலாளியும் அந்தத் திறனின் ஒரு காவலரே. அவருக்கு ஒரு மாணவர் கிடைக்காவிட்டால், விலை உயர்ந்த கடிகாரம் வெறும் நகையாகிவிடும்.