சேலைக்குக் காவல், தலைக்கு விலக்கு

இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். மெக்கானிக் கடையில் அதற்குப் பெயர் ‘சாரி கார்டு’. வண்டிக் கம்பெனியின் கருணையால் மட்டும் வந்ததல்ல அது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி. அதில் பெண் என்ற சொல் கிடையாது. ஆனாலும் அந்தத் தடுப்பு யாருக்கானது என்பதை மெக்கானிக் கடைப் பெயரே சொல்லிவிடுகிறது.

சேலை சக்கரத்தில் சிக்கும் என்பதை அரசு அன்றே கணக்கில் எடுத்தது. அவளுக்குத் தலையும் உண்டு என்பதை எப்போது கணக்கில் எடுத்தது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவர், உடன் செல்பவர் இருவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. மாநில அரசுகள் தேவைப்பட்டால் வேறு விலக்குகளும் தரலாம் என்று ஒரு கதவையும் அது திறந்து வைத்தது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானபோது, பின்னால் அமரும் பெண்களும் குழந்தைகளும் அந்தக் கதவு வழியாக வெளியே விடப்பட்டார்கள்.

தில்லியிலும் 1990-களின் இறுதியில் இதுவே நடந்தது. சீக்கியப் பெண்களுக்கு விலக்கு வேண்டும் என்று மத அமைப்புகள் கேட்டன. யார் சீக்கியப் பெண் என்று சாலையில் நிறுத்திப் பார்க்க முடியாது. ஆகவே எல்லாப் பெண்களுக்கும் ஹெல்மெட் விருப்பம்போல் என்றானது. 2014-இல்தான், சீக்கியப் பெண்கள் நீங்கலாக, அது மாறியது.

விலக்கு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மாதத்தில் மூன்று நாள் திண்ணையில் உட்கார வைத்ததற்கும் ‘வீட்டு விலக்கு’ என்றுதான் பெயர். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் பாதுகாப்பின் பெயரால் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2000-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. வேலைக்குப் போவதில் பாதுகாப்பு பேசிய சட்டம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சலுகை பேசியது. இரண்டிலும் அவளைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் மாலையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். விழுந்தால் உடையும் பொருளைச் செய்கிற ஊர் இது. பொம்மையோ விளக்கோ, பொதியாமல் வெளியூர் அனுப்ப மாட்டார்கள். சாலையில் போகும் வண்டிகளில் ஓட்டுகிற ஆணின் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, சில சமயம் கண்ணாடியில் தொங்குகிறது. பின்னால் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, ஒரு கையில் பையோ பிள்ளையோ, மறு கையில் கம்பியைப் பிடித்தபடி அவள். அப்படி அமர்பவருக்கு வண்டியை இரு தொடையால் இறுக்கிப் பிடிக்க வழியில்லை. எதிர்பாராத வேகத்தடை ஒன்று போதும், பின்பக்கமாகச் சரிய. முதலில் தரையில் மோதுவது பின்மண்டையாகவும் இருக்கலாம்.

பெண்கள் ஏன் மறுக்கிறார்கள் என்றால், அவர்கள் சொல்லும் காரணங்களை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். கொண்டை இடிக்கும், பூ நசுங்கும், வெயிலில் வேர்க்கும், மடியில் பிள்ளை இருக்கும், இறங்கிய இடத்தில் அதை வைக்க இடமிருக்காது. இவற்றுக்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது: அவளுக்கென்று ஒரு ஹெல்மெட் வீட்டில் இல்லை. புது வண்டியோடு கம்பெனி ஹெல்மெட் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஒன்றுதான். ஒன்றே இருந்தால் அது ஓட்டுபவருக்குப் போகும். இரண்டு தர வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய அரசு 2025-இல்தான் வெளியிட்டது.

பெண்ணே ஓட்டத் தொடங்கியபோது இந்த விலக்கின் வேடிக்கை வெளிப்பட்டது. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1990-களில் ஸ்கூட்டி வந்தது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. காலையில் ஸ்கூட்டியில் போகும் பெண்ணுக்குச் சட்டப்படி தலை உண்டு. 2015 வரை, மாலையில் கணவரின் பைக்கில் பின்னால் ஏறினால் அந்தத் தலைக்கு விலக்கு இருந்தது. எலும்பு அதேதான், இருக்கைதான் மாறியது.

2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 மே 23 முதல் பின்னிருக்கைக்கும் தீவிர சோதனை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. சின்ன ஊர்களில் இன்றும் சோதனை பெரும்பாலும் முன்னிருக்கையோடு நின்றுவிடுகிறது. பின்னால் இருப்பவளை மறிக்காமல் விடுவதை மரியாதை என்று போலீஸ்காரரும் நினைக்கிறார், கணவரும் நினைக்கிறார், பல நேரம் அவளும் நினைக்கிறாள்.

மரியாதை என்றால் அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, அவள் கொண்டைக்கும் கழுத்துக்கும் பொருந்துகிற, அவளே கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கிய ஒரு ஹெல்மெட்தான் அந்த விலை. வீட்டு ஆணியில் அது அவருடையதற்குப் பக்கத்தில் தொங்கட்டும்.