டச்சு மாணவர்க்கு ஆங்கில இறந்தகாலம்: கற்பித்தல் வரலாறும் தாய்மொழியின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

டச்சும் ஆங்கிலமும் இறந்தகாலத்தைக் குறிக்க ஏறக்குறைய ஒரே வகை வினை வடிவங்களைக் கொண்டுள்ளன. எனினும் அவ்வடிவங்களின் பயன்பாடு இரு மொழிகளிலும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை டச்சு மாணவர்க்கு உணர்த்த 16ஆம் நூற்றாண்டு முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. தாய்மொழி வேறுபாட்டை நேரடியாக எதிர்கொண்டதே டச்சு ஆசிரியர்கள் ஆங்கில வினையை நுணுகி விளக்கியதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்பதும், பாடநூலிலிருந்து தாய்மொழியை நீக்கினாலும் கற்போர் மனத்திலிருந்து அது நீங்குவதில்லை என்பதும் இதில் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டச்சு, ஆங்கிலம், இறந்தகாலம், நிறைவு வடிவம், உறழ்நிலை இலக்கணம், மொழி கற்பித்தல் வரலாறு.

முன்னுரை

டச்சு, நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் பேசப்படும் மொழி. ஆங்கிலத்தைப் போலவே மேற்கு ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. உறவுமொழியைக் கற்பது எளிது என்பது பொதுவான கருத்து. சொற்களஞ்சியத்தைப் பொறுத்தவரை அக்கருத்து பெரிதும் பொருந்தும். வினையின் காலத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. வடிவங்கள் ஒத்திருப்பதனாலேயே மாணவர் அவற்றின் பயன்பாடும் ஒத்திருக்கும் என்று கொள்கின்றனர். பிழை அங்கே தோன்றுகிறது. இப்பிழையை ஆசிரியர்களும் இலக்கண ஆசிரியர்களும் எவ்வாறு புரிந்துகொண்டனர், எவ்வாறு களைய முயன்றனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஒத்த வடிவம், வேறுபட்ட பயன்பாடு

‘நேற்று அவரைப் பார்த்தேன்’ என்ற செய்தியைச் சொல்ல, டச்சு பேசுவோர் ‘இக் ஹெப் ஹெம் கிஸ்தெரன் கெஸீன்’ என்பர். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்றாகும். தற்கால ஆங்கிலத்தில் இது வழு. ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ என்பதே மரபு. ‘நேற்று’ போன்ற, முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லுடன் ஆங்கிலத்தின் நிகழ்கால நிறைவு வடிவம் இணைவதில்லை. டச்சில் அத்தடை இல்லை. தனித்த ஒரு நிகழ்வை அறிவிக்க டச்சு நிறைவு வடிவத்தை இயல்பாகக் கையாள்கிறது. கதை சொல்லவும், பின்னணியை விவரிக்கவும், பழைய வழக்கங்களைக் கூறவும் தனி இறந்தகாலத்தைக் கையாள்கிறது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதற்கு டச்சு, தமிழைப் போலவே நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது: ‘இக் வோன் ஹீர் அல் தீன் யார்’. ஆங்கிலமோ இங்கே நிறைவு வடிவத்தை வேண்டுகிறது. ஆகவே மாணவர் நிறைவு வடிவம் கூடாத இடத்தில் அதனைப் பயன்படுத்துகின்றனர். வேண்டிய இடத்தில் விட்டுவிடுகின்றனர். மூன்றாவது சிக்கல் தொடர் இறந்தகாலம். ‘படித்தேன்’, ‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்ற இரண்டையும் டச்சின் தனி இறந்தகாலம் ஒன்றே குறிக்கவல்லது. தொடர்வினையைக் காட்டும் தொடர்கள் டச்சில் இருப்பினும், ஆங்கிலத்தில் போல அவை கட்டாயமல்ல.

இலக்கணக் கலைச்சொற்களும் இச்சிக்கலை மிகுவித்தன. டச்சு மரபிலக்கணம் தனி இறந்தகாலத்தை ‘நிறைவுறாத இறந்தகாலம்’ என்ற பொருள்படும் பெயரால் குறிக்கிறது. நிகழ்கால நிறைவு வடிவத்தை ‘நிறைவுற்ற நிகழ்காலம்’ என்கிறது. இப்பெயர்களைப் பள்ளியில் பயின்ற மாணவர், முடிந்துபோன செயலுக்கு ‘நிறைவுற்ற’ வடிவமே உரியது என்று எண்ணுவது இயல்பு. டச்சு மொழியறிஞர் தெ விங்கெல் 1866-இல் டச்சுக் காலங்களை மூன்று இருநிலை எதிர்வுகளால் வகுத்து எட்டாகக் கணக்கிட்டார். நிகழ்வு–இறப்பு, உடனிகழ்வு–பின்னிகழ்வு, நிறைவுறாமை–நிறைவு என்பன அவ்வெதிர்வுகள். இக்கட்டங்களில் ஆங்கில வடிவங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்தி நிரப்பலாம். அட்டவணை முழுமையாக அமையும். ஆனால் ‘நேற்று’ என்ற சொல் எந்தக் கட்டத்துடன் இணையும் என்பதை அவ்வட்டவணை கூறாது.

வணிகர் கையேடுகள்

டச்சு பேசுவோர்க்கான தொடக்கக்கால ஆங்கிலப் பாடம் பள்ளியைவிடச் சந்தையையே சார்ந்திருந்தது. ஆண்ட்வெர்ப் நகர ஆசிரியர் நோயல் தெ பெர்லேமோன் தொகுத்த உரையாடல் கையேடு, அவர் காலத்திற்குப் பின்னரும் பலமுறை விரிவாக்கப்பட்டது. 1576-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்த ஆறு மொழிப் பதிப்பில் ஆங்கிலமும் இடம்பெற்றது. வாங்குதல், விற்றல், கடன் கேட்டல், விடுதியில் தங்குதல் முதலிய சூழல்களுக்கான உரையாடல்கள் அடுத்தடுத்த பத்திகளில் பல மொழிகளில் அச்சிடப்பட்டன. காலம் பற்றிய விதியைத் தேடி இந்நூலைப் பயின்றவர் அரிது. எதிர்ப்பத்தியைப் பார்த்து முழுத்தொடரையும் மனப்பாடம் செய்வதே முறையாக இருந்தது.

1646-இல் ஆம்ஸ்டர்டாமில் ‘தி இங்கிலிஷ் ஸ்கூல்-மாஸ்டர்’ என்ற நூல் வெளிவந்தது. நெதர்லாந்தினர் குறுகிய காலத்தில் ஆங்கிலத்தைப் படிக்கவும் உணரவும் பேசவும் கற்பிப்பதே தன் நோக்கம் என அதன் தலைப்புப் பக்கம் அறிவித்தது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்த, ஆங்கில வழிவந்த வில்லியம் சீவெல் 1691-இல் ஆங்கிலம்–டச்சு அகராதியையும், 1705-இல் டச்சு வாசகர்க்கான ஆங்கில இலக்கண வழிகாட்டியையும் வெளியிட்டார்.

இக்கால நூல்களை மதிப்பிடும்போது ஆங்கிலமும் மாறிவந்ததைக் கருத்தில் கொள்ள வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் கம்’ என்ற தொடர் வழக்கில் இருந்தது. அது டச்சின் ‘ஹெய் இஸ் கெகோமென்’ என்பதற்கு நேர் இணை. இயக்கத்தையும் மாற்றத்தையும் குறிக்கும் வினைகளுக்கு ‘இருத்தல்’ துணைவினையை இணைக்கும் மரபு இரு மொழிகளிலும் இருந்தது. கடந்தகாலச் சொல்லுடன் நிறைவு வடிவம் வருவதும் அக்கால ஆங்கிலத்தில் இடையிடையே காணப்படுகிறது. பிற்கால ஆங்கிலத்தில் அம்மரபு தேய்ந்தது. கடந்தகாலச் சொல் பற்றிய தடையும் இறுகியது. டச்சில் இவ்விரண்டும் நிகழவில்லை. எனவே சீவெலின் காலத்து மாணவரைவிட, பிற்கால மாணவர் கடக்க வேண்டிய இடைவெளி பெரிது.

பள்ளிச் சட்டமும் ஆசிரியர் தேர்வும்

1863-ஆம் ஆண்டின் இடைநிலைக் கல்விச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. தோர்பெக்கா கொண்டுவந்த இச்சட்டம் ‘ஹெச்.பி.எஸ்.’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட உயர் குடிமக்கள் பள்ளிகளை உருவாக்கியது. அப்பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மூன்றும் பாடங்களாயின. மூன்று மொழிகளுக்கும் ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அவர்களின் தகுதியைச் சோதிக்க அரசுச் சான்றிதழ்த் தேர்வுகள் நடைபெற்றன. பல்கலைக்கழகப் பட்டம் இன்றித் தாமே பயின்று இத்தேர்வை எழுதியோர் பலர்.

இத்தேர்வர்க்குச் சிறுவர் பாடநூல் போதாது. ஆங்கிலேயர் தம் பள்ளிகளுக்கு எழுதிய இலக்கணமும் உதவாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று இங்கிலாந்துச் சிறுவர் சொல்லமாட்டார். ஆதலால் அது ஏன் வழு என்று விளக்க வேண்டிய தேவை அங்குள்ள இலக்கண ஆசிரியர்க்கு எழவில்லை. டச்சு ஆசிரியரோ நாள்தோறும் அவ்வினாவை எதிர்கொண்டார். உலகறிந்த ஆங்கில இலக்கண நூல்கள் சில நெதர்லாந்தில் எழுதப்பட்டதன் பின்னணி இதுவே.

பவுட்ஸ்மா, க்ரொய்ஸிங்கா, ஸாண்ட்ஃபோர்ட்

ஹென்ட்ரிக் பவுட்ஸ்மா (1856–1937) ஆம்ஸ்டர்டாமில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய ‘எ கிராமர் ஆஃப் லேட் மாடர்ன் இங்கிலிஷ்’ 1904 முதல் 1929 வரை பல பகுதிகளாகக் குரோனிங்கனில் வெளிவந்தது. ஐரோப்பிய நிலப்பகுதி மாணவர்க்கு, சிறப்பாக டச்சு மாணவர்க்கு உரியது என அதன் துணைத்தலைப்பே கூறுகிறது. நூல்களிலிருந்து திரட்டிய ஏராளமான மேற்கோள்களை வைத்து விதிகளை விளக்கியது இவர் முறை. வினையின் இயல்பையும் தொடர் வடிவத்தையும் ஆராயும் தனிநூல் ஒன்றையும் 1921-இல் வெளியிட்டார். டச்சு மாணவர்க்குக் கடினமான ஒரு வடிவம் தனிநூலுக்குரிய பொருளாக உயர்ந்தது இங்கே நோக்கத்தக்கது.

எட்ஸ்கோ க்ரொய்ஸிங்காவின் (1875–1944) ‘எ ஹேண்ட்புக் ஆஃப் பிரசன்ட்-டே இங்கிலிஷ்’ 1909 முதல் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்டது. வாழும் மொழியின் பேச்சையும் எழுத்தையும் உற்றுநோக்கி விவரிப்பதை அது வலியுறுத்தியது. அவரும் ஸாண்ட்ஃபோர்ட்டும் தொடக்கத்திலிருந்தே பங்காற்றிய ‘இங்கிலிஷ் ஸ்டடீஸ்’ ஆய்விதழ் 1919-இல் தோன்றியது. ஆசிரியர் தேர்வுக்குப் பயில்வோரின் தேவையும் பன்னாட்டு ஆய்வும் அவ்விதழில் ஒன்றிணைந்தன.

குரோனிங்கன் பேராசிரியர் ஆர். டபிள்யூ. ஸாண்ட்ஃபோர்ட்டின் (1894–1990) ‘எ ஹேண்ட்புக் ஆஃப் இங்கிலிஷ் கிராமர்’ 1945-இல் வெளிவந்தது. பவுட்ஸ்மாவின் பெருநூலுக்கு மாறாக இது ஒரே தொகுதியில் அடங்கியது. தேவையான இடங்களில் டச்சு வழக்கை ஒப்பிட்டுக் காட்டியது. நிறைவு வடிவம் நிகழ்காலத்துடன் தொடர்புகொண்ட கடந்தகாலத்தைக் குறிக்கிறது என்ற விதி மட்டும் மாணவர்க்குப் போதாது. ஏனெனில் ‘நேற்று பார்த்ததும்’ இன்றைய நிலையுடன் தொடர்புடையதே என்று அவர் வாதிட இயலும். தம் மொழி எங்கே வேறு வழி செல்கிறது என்பதைக் கண்டபின்னரே விதியின் எல்லை புலனாகிறது.

ஒப்பீடு நீங்கியதும் மீண்டதும்

1957-இல் லண்டனின் லாங்மன்ஸ் நிறுவனம் ஸாண்ட்ஃபோர்ட்டின் நூலை ஒருமொழிப் பதிப்பாக வெளியிட்டது. பிறநாட்டு வாசகரை நோக்கிய அப்பதிப்பில் டச்சு ஒப்பீடுகள் விலக்கப்பட்டன. நூல் பரவ இது வழிவகுத்தது. ஆனால் ஒப்பீடு நீங்கியபின் விதி எஞ்சியது; அவ்விதி ஏன் தேவைப்பட்டது என்ற காரணம் மறைந்தது.

நெதர்லாந்துப் பள்ளிகளிலும் இதே திசையில் மாற்றம் நிகழ்ந்தது. ‘மாமத் சட்டம்’ எனப் பெயர்பெற்ற கல்விச் சட்டம் 1968-இல் நடைமுறைக்கு வந்தபின், மொழிபெயர்ப்பு தன் நடுவிடத்தை இழந்தது. வாசித்துணர்தல் தேர்வுகள் முதன்மை பெற்றன. 1986 முதல் ஆங்கிலம் தொடக்கப் பள்ளியிலும் கட்டாயப் பாடமாயிற்று. மாணவர் முன்னைவிட மிகுதியாக ஆங்கிலம் கேட்டனர், பேசினர். பொருள் உணர்த்தப்பட்டுவிட்டதால் காலப்பிழை உரையாடலைத் தடை செய்யவில்லை. தடை செய்யாத பிழை திருத்தப்படாமல் நிலைபெறுவது எளிது.

ஒப்பீடு பல்கலைக்கழகத் தளத்தில் மீண்டது. 1987-இல் ஃப்ளோர் ஆர்ட்ஸ், ஹெர்மன் வெக்கர் ஆகியோரின் ஆங்கில–டச்சு உறழ்நிலை இலக்கணம் வெளிவந்தது. ஃபிளாண்டர்ஸில் ரெனாட் டெக்லெர்க் ஆங்கிலக் கால அமைப்பைப் பற்றி 1991-இலும் 2006-இலும் விரிவான நூல்களை வெளியிட்டார். நைமேகன் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த வொல்ஃப்காங் க்ளைன், கடந்தகாலச் சொல்லை ஆங்கில நிறைவு வடிவம் ஏன் ஏற்பதில்லை என்ற வினாவையே 1992-இல் ஆய்வுக்குரிய புதிராக முன்வைத்தார். வகுப்பறைப் பிழை கோட்பாட்டு வினாவாக மாறியதற்கு இது சான்று.

அண்மையில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்ரியட் தெ ஸ்வார்ட் முதலியோர், ஒரே நூலின் பல மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு நிறைவு வடிவத்தை ஆராய்ந்துள்ளனர். ஆல்பெர் கமுவின் பிரெஞ்சுப் புதினம் ‘அந்நியன்’ அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு மூலத்தில் நிறைவு வடிவமே கதையை நடத்துகிறது. ஆங்கிலத்தில் அது மிகச் சுருங்குகிறது. டச்சு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. இம்முடிவு கற்பித்தலுக்கும் பயன்தருவது. டச்சு மாணவர் ஆங்கில நிறைவு வடிவத்தை அறியாதவர் அல்லர். அதன் எல்லையைச் சற்று அகலமாக வரைந்துகொண்டவர்.

முடிவுரை

இவ்வரலாற்றில் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. வணிகர் கையேடுகள் தொடரை மனப்பாடமாக்கின. ஆசிரியர் தேர்வுக் காலம் விதியைத் தேடியது. உறழ்நிலை ஆய்வு விதியின் எல்லையைத் தேடியது. இவற்றுள் பின்னிரண்டு நிலைகளிலும் அறிவு வளர்ந்தது, கற்போரின் தாய்மொழியைத் தடையாக ஒதுக்காமல் சான்றாகக் கொண்டபோது. மாணவர் பிழையை அறியாமையாகக் கொண்டால் அது சிவப்பு மையோடு முடிந்துவிடும். இரு மொழி அமைப்புகள் சந்திக்கும் இடமாகக் கொண்டால் அது ஆய்வின் தொடக்கமாகும். பள்ளி ஆசிரியர் பவுட்ஸ்மா இரண்டாவதைத் தேர்ந்தவர். தாய்மொழி ஒப்பீட்டை வகுப்பறையில் எந்த அளவுக்கு இடம்பெறச் செய்வது என்பதை இன்றைய பாடத்திட்டங்கள் முடிவுசெய்யும்போது, இவ்வரலாறு கணக்கில் கொள்ளத்தக்கது.