பாட்டி பெயரிலிருந்து தனிப்பெயர் வரை: தமிழகத்தில் பெண்குழந்தைப் பெயரிடலின் மாற்றம்

பெண்குழந்தைக்குப் பெயர் தேடும் இன்றைய இளம் பெற்றோரின் முதல் நிபந்தனை, அந்தப் பெயர் தெருவிலோ வகுப்பிலோ உறவிலோ வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்பது. மூன்று நான்கு தலைமுறைக்கு முன் நிபந்தனை நேர்மாறாக இருந்தது. பெயர் ஏற்கெனவே ஒருத்திக்கு இருந்தாக வேண்டும்: அப்பாவைப் பெற்றவளுக்கு, இல்லையென்றால் அம்மாவைப் பெற்றவளுக்கு, அதுவும் இல்லையென்றால் குலதெய்வத்துக்கு. இந்த மாற்றத்தைச் சினிமா மோகம், வடமொழி மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். இக்கட்டுரை வேறொரு காரணத்தை முன்வைக்கிறது. தமிழ்க் குடும்பத்தில் ஆண்பிள்ளையின் பெயர் சுமந்த பாரத்தைப் பெண்பிள்ளையின் பெயர் சுமக்கவில்லை. அதனால்தான் புதுமை முதலில் பெண்பெயரில் நுழைந்தது.

பெயரிடல் பற்றிய பழைய சான்றுகளில் விரிவானது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவிக்குப் பெண் பிறந்ததும் என்ன பெயர் இடலாம் என்ற பேச்சு எழுகிறது. கடலில் கலம் உடைந்து தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காப்பாற்றிய தெய்வத்தின் பெயரை இடச் சொல்கிறான் கோவலன். மணிமேகலை என்ற பெயரைக் கணிகையர் பலர் கூடி வாழ்த்திச் சூட்டுகிறார்கள். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் வாயிலாக வரும் இச்செய்தியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணிகை வயிற்றில் பிறந்த குழந்தைக்குத் தன் குலத்தைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கொடுப்பதன் வழியே கோவலன் அவளைத் தன் குடிக்குள் கொண்டுவருகிறான். அங்கே பெயர் உறவைச் சொல்லும் ஆவணமாக வேலை செய்கிறது. தனித்தன்மைக்கு இடமே இல்லை.

சங்கப் புலவர் வரிசையில் வரும் நச்செள்ளை, நப்பசலை, நன்முல்லை ஆகிய பெயர்களில் 'நல்' என்ற அடை ஒட்டி நிற்கிறது. சோழர் காலத்துக்கு வந்தால் பெண்பெயர் கோயிலையும் ஊரையும் அரச பட்டத்தையும் சார்ந்துவிடுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீடு வாரியாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. சேரமங்கை என்ற பெயர் நமக்குப் புரியும். எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர் இருந்ததை இன்று படிக்கும்போது ஒரு கணம் நின்றுதான் போகிறோம். தூக்கிய திருவடியோடு ஆடும் கூத்தனின் பெயர் அது. அரிய பெயர் என்ற அளவுகோலில் இன்றைய எந்தப் பெயரும் அதன் அருகில் வர முடியாது. ஆனால் அந்தப் பெண் அரிய பெயர் வேண்டும் என்று அதைச் சூட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

பாட்டியும் கூப்பிடும் பெயரும்

பிற்காலக் கிராமச் சமூகத்தில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்குப் பாட்டி பெயர் என்பது எழுதாத சட்டம். இரண்டுக்கும் ஒரே எடை இருந்ததில்லை. மகனின் பெயர் அடுத்த தலைமுறையிலும் தொடரும். அவன் பிள்ளைகளுக்கு அதுவே இனிஷியல், பிறகு பேரனுக்கு அதுவே பெயர். கல்யாணப் பத்திரிகையிலும் பட்டாவிலும் கோயில் வரிக் கணக்கிலும் அந்தப் பெயர் நிற்கும். மகளின் பெயரோ அவளோடு வேறு வீட்டுக்குப் போய்விடும். அவள் பிள்ளைகளின் இனிஷியலில் அவளுக்கு இடம் கிடையாது. குடும்பக் கணக்கில் அது நிலையான சொத்து இல்லை. ஆகவே அதை மாற்றிப் பார்ப்பதில் பெரியவர்களுக்குப் பெரிய ஆட்சேபமும் எழவில்லை.

இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமியார் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை அடுப்படியிலிருந்து எப்படி அதட்டுவது? 'ஏ மீனாட்சி, அடுப்பைப் பாரு' என்று சொல்ல முடியாது. எனவே பாப்பா, ராசாத்தி, செல்லம், சின்னப்பொண்ணு என்று ஒரு கூப்பிடும் பெயர் தேவைப்பட்டது. இந்தப் பெயர் யாருடைய நினைவுக்கும் கடன்பட்டதில்லை. வாய்க்கு இனிமையாகவும் சுருக்கமாகவும் இருந்தால் போதும். பிற்காலத்துப் புதுப்பெயர்களிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் எல்லாம் முதலில் இந்த இரண்டாம் பெயரில்தான் தோன்றின என்பது என் கருத்து. டி. கே. பட்டம்மாளுக்கு இட்ட பெயர் அலமேலு. உலகம் அறிந்தது வீட்டில் அழைத்த பெயரைத்தான்.

கூப்பிடும் பெயர் எப்போதும் செல்லத்தில் பிறந்ததும் இல்லை. நான்காவதாகப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு. திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைக்கும் வழக்கத்தை 2019இல் நாளிதழ்கள் எழுதின. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. முந்தைய பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் குப்பம்மாள், பிச்சையம்மாள். யாரும் விரும்பாத பெயராக இருந்தால் எமனும் சீண்ட மாட்டான்.

ஞானாம்பாளிலிருந்து சரோஜா வரை

மாற்றத்தின் வேகத்தை அறிய நாவல் தலைவியரின் பெயர்கள் உதவுகின்றன. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைத்தலைவி ஞானாம்பாள். ராஜமய்யர் 1890களில் எழுதியது கமலாம்பாள் சரித்திரம். 1898இல் அ. மாதவையாவின் தலைவி பத்மாவதி. 'அம்பாள்' என்ற ஈறு இருபது ஆண்டுக்குள் உதிர்ந்துவிட்டது. பாரதியார் வீட்டிலேயே இந்தத் திருப்பம் தெரிகிறது: மனைவி செல்லம்மாள், மூத்த மகள் தங்கம்மாள், இளைய மகள் சகுந்தலா. இரண்டு மகள்களுக்கும் இடையே சில ஆண்டுகள்தான், ஆனால் பெயர்கள் இரண்டு காலத்தைச் சேர்ந்தவை. கர்நாடக இசையில் எம். எஸ். சுப்புலட்சுமி 1916இலும் எம். எல். வசந்தகுமாரி 1928இலும் பிறந்தவர்கள். சுப்புலட்சுமியில் முருகனும் திருமகளும் இருக்கிறார்கள். வசந்தகுமாரியில் தெய்வத்தின் இடத்துக்குப் பருவம் வந்துவிட்டது.

பிறகு ஒரு குழந்தையே ஊரெல்லாம் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தாள். 1937இல் கே. சுப்ரமணியம் இயக்கிய பாலயோகினியில் நடித்த பேபி சரோஜாவை நாடே கொண்டாடியது. அதன்பின் பிறந்த பெண்களில் எத்தனை எத்தனை சரோஜாக்கள்! பாட்டி, தெய்வம் இரண்டையும் கடந்து, ரத்த உறவே இல்லாத, திரையில் மட்டும் பார்த்த ஒரு சிறுமியின் பெயர் வீட்டுக்குள் வந்த முதல் பெரிய அலை இது. இந்த அலையில் ஒரு முரணும் இருக்கிறது. யாருக்கும் இல்லாத பெயர் என்று நினைத்து வைத்தவர்களின் பெண்கள் பள்ளியில் சேர்ந்தபோது, வகுப்புக்கு நான்கு சரோஜாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதுப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் பின்னாளில் இதே கதிதான்.

தொடர்கதைகள் அடுத்த வாசல். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் குந்தவை, வானதி என்ற சோழப் பெயர்களை உயிர்ப்பித்தது. பூங்குழலியோ கல்கியின் கற்பனைப் பெண். வரலாற்றில் வாழ்ந்தவளுக்கும் கற்பனையில் பிறந்தவளுக்கும் வாசகர்கள் வேறுபாடு பார்க்கவில்லை. நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரைப் படித்துவிட்டு மகளுக்குப் பூரணி என்று வைத்த குடும்பங்கள் பல. திரையுலகமும் பெயர் சூட்டியது. கே. ஆர். விஜயாவின் இயற்பெயர் தெய்வநாயகி. விளம்பரச் சுவரொட்டிக்கு அது நீளம், பழசு.

இயக்கங்கள் இட்ட பெயர்கள்

தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916இல். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். தம் பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றினார்: திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. இயக்கத்தின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் மகள் நீலாம்பிகை மட்டும் நீலாம்பிகையாகவே இருந்தார். பாரதிதாசன் வீட்டிலும் மகன் கோபதி மன்னர்மன்னன் ஆனார். மகள்கள் சரசுவதி, வசந்தா, ரமணி. என் வாதத்துக்கு இவை எதிர்ச்சான்றுகள் போலத் தோன்றலாம். புதுமை முதலில் பெண்பெயரில் வந்தது என்றால் இங்கே ஆண்கள் முந்திக்கொண்டது ஏன்? கொள்கைப் பெயரும் நாகரிகப் பெயரும் வெவ்வேறு வழியில் பரவின என்பதே என் விடை. கொள்கைப் பெயர் மேடைக்கும் அச்சுக்கும் உரியது. மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நாகரிகப் பெயர் வீட்டுக்குள் பரவியது.

மேடைக்குப் பெண்கள் வந்தபோது அவர்கள் பெயரும் மாறியது. 1920இல் பிறந்த காந்திமதிக்கு வேலூரைச் சேர்ந்த தனித்தமிழ்ப் பற்றாளர் கு. மு. அண்ணல்தங்கோ இட்ட பெயர் அரசியல்மணி. பின்னர் அவர் மணியம்மையாகத் திராவிடர் கழகத்தையே நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் அரசியல் என்ற சொல்லை வைக்கத் துணிந்ததை, இன்றைய அரிய பெயர் தேடல் எதனாலும் எட்ட முடியாது. பெரியார் 1932இல் சோவியத் ஒன்றியம் போய்வந்தபின் சுயமரியாதைக் குடும்பங்களில் ரஷ்யா என்ற பெயர் குழந்தைகளுக்கு வந்தது. ஒரு நாடே தொட்டிலில் ஆடியது.

திராவிட இயக்கம் வளர்ந்த 1950, 60களில் தமிழ்ச்செல்வி, கயல்விழி, மலர்விழி, பூங்கொடி, கனிமொழி ஆகியவை பரவலாகின. கொள்கையும் அழகும் ஒரே பெயரில் சேர்ந்தது அப்போதுதான். பெண்பெயர்களில் இந்த மரபு நிலைத்த அளவுக்கு ஆண்பெயர்களில் நிலைக்கவில்லை என்றே தோன்றுகிறது. அறிவுத்தொடர்பு என்று இன்னொரு பையனுக்கு யாரும் வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கனிமொழிகளை எண்ண முடியாது.

அதே ஆண்டுகளில் எதிர்த் திசையிலும் ஓர் ஓட்டம். உஷா, லதா, கீதா, சுமதி, கலா. ஈரெழுத்து, மூவெழுத்துப் பெயர்கள். இவற்றை வடமொழி அடிமைத்தனம் என்று கண்டித்தவர்கள் ஒன்றைக் காணத் தவறினார்கள். கருப்பாயி, இருளாயி, பேச்சி என்ற பெயர்கள் தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கும்போது அந்தப் பெயரிலிருந்து ஊரும் தெருவும் சாதியும் ஒருசேர வெளிப்பட்டுவிடும். உழைக்கும் சாதிகளின் பெற்றோர்களும், பல நேரங்களில் சேர்க்கைப் பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த ஆசிரியரும், அந்தப் பெண்ணுக்குச் சுமதி என்று எழுதியது அந்த வெளிப்பாட்டை மறைக்கத்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. ஆண்பெயரின் வாலில் இருந்த சாதிக்கு அது மருந்து. பெண்பெயரில் சாதி வாலில் இல்லை, பெயருக்குள்ளேயே இருந்தது. அதற்குப் புதுப்பெயர் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எழுத்து, எண், பதிவேடு

1980களுக்குப் பிறகான பெயர்களை உருவாக்கியதில் சோதிடத்துக்கும் எண்கணிதத்துக்கும் இருக்கும் பங்கை ஆய்வாளர்கள் போதிய அளவு பேசவில்லை. நட்சத்திரத்துக்கு எழுத்து பார்க்கும் முறையில் ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. அஸ்தத்துக்குப் பு, ஷ, ண, ட. இந்த அட்டவணை வடமொழி எழுத்துகளை வைத்துக் கட்டியது. தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லுக்கு முதலில் வராது என்று விலக்கிய ட, ண போன்ற எழுத்துகள் அதில் சர்வ சாதாரணம். பாட்டி பெயர் வைத்த காலத்தில் இந்த எழுத்து ஜாதகக் குறிப்போடு நின்றது. அதைக் கூப்பிடும் பெயரிலும் கட்டாயம் ஆக்கியபோது, அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் மரபில் இல்லாததால் புதிதாக ஆக்க வேண்டியதாயிற்று.

எண்கணிதம் இன்னும் ஒரு படி மேலே போனது. பண்டிட் சேதுராமனின் 'அதிர்ஷ்ட விஞ்ஞானம்' போன்ற நூல்கள் வழியே பரவிய இந்த முறையில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் மதிப்பெண். தமிழில் எப்படி எழுதினாலும் கணக்கில் சேராது. கூட்டுத்தொகை சரிப்பட ஒரு 'ஹெச்' சேர்ப்பார்கள், 'ஏ'யை இரட்டிப்பார்கள். ஹரிணி, வர்ஷிணி, தன்ஷிகா, ரித்திகா என்று ஒரே ஓசைக் குடும்பம் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். தனித்துவம் தேடி எல்லாரும் ஒரே 'இகா'வில் போய் முட்டிக்கொண்டார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி குழந்தையின் பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். பெயரைப் பின்னர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. பதினோராம் நாளோ முப்பதாம் நாளோ சொந்தபந்தம் கூடித் தொட்டிலில் இட்டு முடித்த காரியம், கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் கைப்பேசியில் பட்டியல் பார்க்கும் வேலையாக நீண்டதற்கு இந்த அவகாசமும் துணை செய்தது. பெயர் வைக்கும் உரிமை அத்தையிடமிருந்தும் தாத்தாவிடமிருந்தும் பெற்றோர் கைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான்.

கடந்த சில ஆண்டுகளாக யாழினி, மகிழினி, ஆதிரை, நன்முல்லை, இதழினி போன்ற பெயர்கள் நகரத்துப் படித்த குடும்பங்களில் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. இவற்றில் சங்கப் புலவர் பெயரான நன்முல்லையும் ஆதிரையும் பழையவை. ஆதிரை, மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். யாழ் பழைய கருவி, ஆனால் யாழினியைச் சிலம்பிலோ மேகலையிலோ தேடினால் கிடைக்காது. 'இகா'வின் இடத்தில் 'இனி' உட்கார்ந்திருக்கிறது. ஓசைத் தேர்வில் பெரிய மாற்றம் இல்லை. ஷ, ஹ போய் ழ வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் புதிய தமிழ்ப்பெயர் அலை சங்கத்துக்கும் சோழருக்கும் போகிறது, நடுவே கிடக்கும் முந்நூறு ஆண்டுக் கிராமத்தைத் தாண்டிக் குதிக்கிறது. குந்தவை திரும்பிவந்துவிட்டாள். இருளாயியையும் பேச்சியையும் கருப்பாயியையும், அவை இன்று உண்மையிலேயே அரிய பெயர்களாகிவிட்ட பிறகும், எந்தப் பெற்றோரும் தம் பட்டியலில் எழுதுவதில்லை.