அடுப்பு யாருடையது: ஜமைக்காவின் காலை உணவும் பெண்களும்

ஜமைக்காவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்களிடம் பயணக் கையேடுகள் வழக்கமாகச் சொல்லும் ஒன்று உண்டு: காலையில் அக்கியும் உப்புமீனும் சாப்பிடுங்கள். அதுதான் அந்தத் தீவின் தேசிய உணவு. வெங்காயம், தக்காளி, காரமான குண்டுமிளகாய் சேர்த்து வதக்கிய உப்புமீனில் அக்கிப் பழத்தின் சதையைக் கலப்பார்கள். பார்வைக்கு முட்டைப் பொரியல் போலவே மஞ்சளாக இருக்கும். பக்கத்தில் சுட்ட சீமைப்பலாத் துண்டோ மரவள்ளிக்கிழங்கு ரொட்டியோ வரும். எந்த விடுதியில் இது நன்றாக இருக்கும் என்று கையேடு சொல்லிவிடும். அந்தத் தட்டை உருவாக்கிய பெண்களுக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் தேட வேண்டும்.

1655-இல் ஆங்கிலேயர்கள் ஸ்பானியர்களிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றினார்கள். கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். வட அட்லாண்டிக் கடலில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய காட் மீனில், ஐரோப்பியச் சந்தையில் விலைபோகாத மட்டரகம்தான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. சீமைப்பலாவின் கதையும் அப்படித்தான். 1780-களில் புயல்களாலும், அமெரிக்கப் போரால் உணவு வரத்து நின்றதாலும் ஆயிரக்கணக்கான அடிமைகள் பசியில் மாண்டார்கள். மலிவான தீனி வேண்டும் என்ற தோட்ட முதலாளிகளின் கோரிக்கையால் 1793-இல் கேப்டன் வில்லியம் பிளை பசிபிக் தீவுகளிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கொண்டுவந்தார். மரவள்ளி ரொட்டியோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கிச் சுட்ட ரொட்டியின் வழிவந்தது அது.

அக்கி மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 18-ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பலில் ஜமைக்காவுக்கு வந்தது. பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்கும் முன் பறித்துச் சமைத்தால் உயிரையே எடுத்துவிடும். இந்த நச்சுக்கு அஞ்சி அமெரிக்கா 1973-இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. 2000-இல்தான் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. எப்போது பறிப்பது, எந்தப் பகுதியைக் கிள்ளி எறிவது என்ற அறிவு சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. தாவரவியலில் அந்த மரத்துக்கு 'பிளைகியா சாப்பிடா' என்று பெயர். அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன அதே கேப்டன் பிளையின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. அதை உண்ணத்தக்கதாக்கிய பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கரும்பு வயலில் மண்வெட்டி பிடித்த கூட்டங்களில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெண்களே அதிகம். முதலாளிகள் உணவுச் செலவைக் குறைக்க, கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளை அடிமைகளுக்கு ஒதுக்கி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓய்வு நாளிலும் உழைப்புத்தான். ஆனால் அந்த நிலத்தில் கிழங்கும் வாழையும் கீரையும் மிஞ்சின. மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனது. தீவில் புழங்கிய நாணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளின் கையில் இருந்ததாக, அடிமை முறையை ஆதரித்த எட்வர்ட் லாங்கே 1774-இல் கணக்கிட்டு எழுதினார். 1838-இல் முழு விடுதலை வந்தபின் இந்தச் சந்தை வணிகம் பெரும்பாலும் பெண்களின் கைக்கு வந்தது. தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுவந்து விற்ற இவர்களை ஜமைக்காவில் 'ஹிக்லர்' என்பார்கள். ஊருக்கே காலை உணவு இவர்கள் கூடையிலிருந்துதான் வந்தது.

சுற்றுலா விடுதிகள் வருவதற்கு முன், தீவுக்கு வந்த அதிகாரிகளும் மாலுமிகளும் எங்கே சாப்பிட்டார்கள்? கிங்ஸ்டனில் கலப்பினப் பெண்கள் நடத்திய தங்கும் விடுதிகளில். கிரிமியப் போர்க்களத்தில் புகழ்பெற்ற மேரி சீக்கோல் 1805-இல் அப்படியொரு வீட்டில் பிறந்தவர். அவருடைய தாய் பிளண்டல் ஹால் விடுதியை நடத்தியபடியே நோயாளிகளுக்கு நாட்டு வைத்தியமும் பார்த்தார். மகள் இரண்டையும் கற்றார். பிற்காலத்தில் அந்த விடுதி சீக்கோலின் சகோதரி கையில் இருந்தபோது நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் அங்கே தங்கினார். அவர் 1859-இல் வெளியிட்ட பயண நூலில் ஜமைக்காவின் சாப்பாட்டு மேசைகளைப் பற்றி ஒரு குறை சொல்கிறார்: கிழங்கும் வாழைக்காயும் வெண்ணெய்ப்பழமும் காலடியில் கிடக்க, இவர்கள் மாட்டிறைச்சியையும் மட்டமான ஆங்கில உருளைக்கிழங்கையும் பரிமாறுகிறார்கள் என்று. வெள்ளை அதிகாரிகளின் பணத்தில் பிழைத்த ஒரு பெண்ணுக்கு அந்த உருளைக்கிழங்கு எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

இந்த விடுதிப் பெண்களை வெற்றிக்கதைகளாக மட்டும் வாசிப்பதும் சரியல்ல. சொத்து சேர்க்க வழியற்ற சமூகத்தில் அவர்கள் ஒரு வழி கண்டார்கள் என்பது உண்மை. விடுதலைக்கு முன் அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. விருந்தினரை வரவேற்ற பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கிறது; விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பெண்ணின் பெயர் கிடைப்பதில்லை. அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுவதும் உடைமையாளர்களுக்கே போனது. வாங்கியவர்களில் பெண்களும் ஏராளம். ஜமைக்கப் பெண்களை ஒரே குரலாகப் பார்க்க முடியாது என்பதை வரலாற்றாளர் லூசில் மாதுரின் மேர் 1974-இல் முடித்த தம் முனைவர் பட்ட ஆய்வு காட்டியது.

1890-இல் ஒரு ஹோட்டல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நடக்கவிருந்த பொருட்காட்சிக்காக, பெரிய ஹோட்டல் கட்டும் நிறுவனங்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. வாழைப்பழக் கப்பல்களில் அமெரிக்கப் பயணிகள் வந்தார்கள். போர்ட் அன்டோனியோவில் அந்த வாழைப்பழ வணிகர்களே ஹோட்டலும் நடத்தினார்கள். இப்படி ஒரு உத்தரவாதம் தங்கும் விடுதி நடத்திய பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய ஹோட்டல்களுக்குள் பெண்கள் சமையலுக்கும் சலவைக்கும் அறை துடைக்கவும் கூலிக்குப் போனார்கள்.

1981-இல் மான்டிகோ பேயில் சாண்டல்ஸ் தொடங்கியபின், எல்லாச் செலவுக்கும் முன்கூட்டியே பணம் வாங்கும் முறை ஜமைக்காவில் வேரூன்றியது. காலை உணவும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். ஏற்கெனவே பணம் கட்டியவர் வாசலைத் தாண்டிப் போய்ச் சாப்பிடுவது அபூர்வம். உள்ளே பெரிய மேசையில் அக்கியும் இருக்கும், கப்பலில் வந்த ஆப்பிளும் இருக்கும். சமைத்தவருக்குச் சம்பளம் கிடைக்கும்; லாபத்தில் பங்கு கிடைக்காது.

வாசலுக்கு வெளியே சிறு சாப்பாட்டுக் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அடுப்பும் கல்லாப்பெட்டியும் ஒரே பெண்ணிடம் இருப்பதைக் காணலாம். சாப்பாட்டோடு 'கலலு' என்ற கீரையும் வைப்பார்கள். நம்மூர்க் குப்பைக்கீரையின் இனம்தான். கடை நடத்துவது சுலபமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. விடியுமுன் எழவேண்டியது அன்றுபோல் இன்றும் உண்டு. ஆனால் விற்ற காசை எண்ணுகிறவள் சமைத்தவளாகவே இருப்பது, இந்தத் தீவின் நீண்ட வரலாற்றில் எளிதில் வாய்த்த ஒன்றல்ல. விடுமுறைக்குப் போகிறவர் காலையில் எங்கே சாப்பிடுவது என்று கேட்கும்போது இதையும் சேர்த்து யோசிக்கலாம்.